முடி போனால் போகட்டும், ஊசியை நிறுத்தாதீர்கள்!



எனக்கு வயது 38. பத்தாவது வரை படித்தவள். லால்குடி பக்கம் ஒரு கிராமம். கணவர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். பத்தாவது படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன், மாமியார் என்று ஐந்து பேர் உள்ள வீடு.

முடி வளர கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சுவது எப்படி, பொடுகு போக என்ன வழி என்று இந்தப் பகுதியில் எத்தனையோ கடிதங்கள் படித்திருக்கிறேன். தலைமுடி மொத்தமும் கொட்டிப் போனால் என்ன செய்வது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அனுபவித்தவள் என்பதால் நான் எழுதுகிறேன்.

எனக்கு மார்பில் கட்டி வந்து, புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு கீமோதெரபி. எனக்கு மொத்தம் எட்டு தவணை. முதல் நான்கும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை. அதில் ஒரு மருந்து ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாக இருக்கும். டாக்ஸோரூபிசின் என்று பெயர். வார்டில் எல்லோரும் 'செவப்பு மருந்து' என்போம். ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயப்பட வேண்டாம்.

"முடி கொட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். "இந்த மருந்துக்குக் கண்டிப்பா கொட்டும்மா. ஆனா திரும்ப வளரும்" என்றார். ஏன் கொட்டுகிறது என்பதையும் விளக்கிச் சொன்னார். புற்றுநோய்க் கிருமி என்று நாம் சொல்கிறோமே, அது கிருமியே இல்லையாம். நம் உடம்பின் செல்தான் கட்டுக்கடங்காமல் வேகமாகப் பெருகுகிறது. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அடிக்கும். முடியின் வேரில் உள்ள செல்லும், வாய்க்குள் இருக்கும் சவ்வும் இயல்பிலேயே வேகமாகப் பெருகுபவை. அதனால் அவையும் சேர்ந்து அடி வாங்குகின்றன. முடி கொட்டுவதும், வாயில் புண் வருவதும் அதனால்தான்.

எல்லா கீமோவுக்கும் முடி கொட்டாது. சில மருந்துக்கு அடியோடு போகும், சிலதுக்கு லேசாக மெலியும், சிலதுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து பெட் அம்மாவுக்குக் குடலில் நோய். அவருக்கு முடி கொஞ்சம் மெலிந்ததோடு சரி. ஆகவே 'எனக்குக் கொடுக்கப் போகும் மருந்து எது, அதற்கு முடி போகுமா?' என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

நான் எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம், வார்டில் என்னோடு ஊசி போட்டுக் கொண்ட ஓர் அக்கா. முதல் தவணை முடிந்து முடி கொட்ட ஆரம்பித்ததும், இரண்டாம் தவணைக்கு வரவில்லை. மகளுக்கு நிச்சயதார்த்தம். "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி மொட்டைத் தலையோட எப்படி நிப்பேன்? கல்யாணம் முடியட்டும், அப்புறம் போட்டுக்கறேன்" என்றாராம். கல்யாணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது! வார்டு சிஸ்டர் போன் போட்டு, "அக்கா, தவணையைத் தள்ளிப் போட்டா, அடி வாங்கின கிருமிக்கு எழுந்து நிக்க நேரம் கொடுத்த மாதிரி. முடி காத்துக்கிட்டிருக்கும், நோய் காத்துக்கிட்டிருக்காது" என்று எடுத்துச் சொன்னார். அவர் ஒரு வாரம் தாமதமாக வந்து சேர்ந்தார். நிச்சயதார்த்தத்தில் பட்டுப் புடவையும், தலையில் அதே நிறத் துணியும் கட்டிக் கொண்டு தாம்பூலம் மாற்றினார். கல்யாணம் நிற்கவில்லை, குடி ஒன்றும் முழுகவில்லை.

இனி, முடி கொட்டும் நாட்களை எப்படிக் கடப்பது என்று சொல்கிறேன்.

பெரும்பாலும் முதல் ஊசி போட்ட இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கொட்டத் தொடங்கும். எனக்கு 16-ம் நாள் காலை தலையணை முழுக்க முடி. தலை வாரினால் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே மண்டைத் தோல் எரிச்சலாக, தொட்டால் வலியாக இருந்தது. சாதாரணமாகவே நமக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிருமாம். இது அப்படியல்ல, நான்கைந்து நாளில் மண்டை தெரிந்து விட்டது.

நீளமான முடி கொத்தாக வருவதைப் பார்ப்பதுதான் கொடுமை. அதனால் முதல் ஊசிக்கு முன்பே என் பின்னலைத் தோள் வரை வெட்டி விட்டோம். 'காதலர் தினம்' படத்தில் நடித்த சோனாலி பிந்த்ரே 2018-ல் இதே வைத்தியத்துக்கு முன் முடியைக் குட்டையாக வெட்டிக் கொண்ட படத்தை என் மகள் போனில் காட்டினாள். "அவங்களே வெட்டிக்கிட்டாங்கம்மா" என்றாள். எனக்கு அது பெரிய தெம்பு.

கொட்டத் தொடங்கியதும் மீதியை எடுத்து விடலாம் என்றேன். அங்கேதான் வீட்டில் பிரச்னை வந்தது. "சுமங்கலி வீட்ல உக்காந்து தலைய மழிச்சுக்கறதாவது!" என்று அத்தை அழுதே விட்டார். அவர் அம்மா காலத்தில் கணவனை இழந்த பெண்களுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவர் பயத்தைக் குறை சொல்ல முடியாது. பிறகு அவரே, "சமயபுரத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டு அங்கயே எறக்கிடுவோம்" என்றார்.

சிஸ்டரிடம் கேட்டோம். "இப்ப வேண்டாம்மா" என்று சொல்லி விட்டார். ஊசி போட்ட பின் ஒன்றிரண்டு வாரம் ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்து விடும். அப்போது பிளேடு கீறினால் சின்னக் காயம்கூடச் சீழ் பிடிக்கும், கோயில் கூட்டத்தில் காய்ச்சல் ஒட்டிக் கொள்ளும். எனவே வேண்டுதலை வைத்தியம் முடிந்தபின் என்று மாற்றி, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார் அத்தை. என் வீட்டுக்காரர் டிரிம்மர் மெஷினால் ஒட்ட வெட்டி விட்டார். பிளேடு படவே இல்லை.

தலைக்கு மென்மையான குழந்தை ஷாம்பு போதும். சீயக்காய் போட்டுத் தேய்க்கக் கூடாது. வெயிலில் போனால் தலையை மூட வேண்டும், இரவில் குளிருக்கும் மூட வேண்டும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்துச் சதுரமாக ஓரம் தைத்து ஆறு துணி வைத்துக் கொண்டேன். சிந்தடிக் துணி வழுக்கும், வியர்க்கும். விக் வேண்டுமென்றால் முடி இருக்கும்போதே போய்ப் பார்த்தால் நிறம், அளவு பொருந்தும். நான் வாங்கவில்லை. நம் ஊர் சூட்டுக்கு எனக்கு அது ஒத்து வராது என்று விட்டு விட்டேன். புருவமும் இமை முடியும்கூடப் போகலாம். புருவத்துக்கு மகள் பென்சிலால் வரைந்து விடுவாள்.

முடி கொட்டாமலிருக்கத் தலையைக் குளிர வைக்கும் தொப்பி ஒன்று உண்டு. மார்புப் புற்றுநோய் நோயாளிகளுக்கு அமெரிக்காவில் 2015-ல் அரசு அனுமதி கொடுத்தது. இங்கே பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இருக்கிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, செலவும் உண்டு. ஆனால் 'கீமோவிலும் முடி கொட்டாது' என்று யாராவது எண்ணெய் விற்றால் வாங்காதீர்கள். மருந்து ரத்தம் வழியாக வேருக்குப் போகிறது. மேலே தடவும் எண்ணெய் அதை எப்படித் தடுக்கும்? நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் கேட்காமல் உள்ளுக்குச் சாப்பிடவும் வேண்டாம்.

பிள்ளைகளிடம் முன்பே சொல்லி விடுங்கள். சொல்லியும் என் மகன், "ஸ்கூல் மீட்டிங்குக்கு நீ வராதம்மா, அப்பா வரட்டும்" என்றான். மனசு வலித்தது. பதினொரு வயசுப் பையனிடம் என்ன கோபம்? அவன் அப்பாவே போனார். சில வாரம் கழித்து, அவனாகவே என் தலையைத் தடவி, "சொரசொரன்னு இருக்கும்மா" என்று சிரித்தான்.

உறவுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பார்க்க வருகிறவர்கள் "ஐயோ, எவ்வளவு முடி இருந்துச்சு!" என்று ஆரம்பிக்காதீர்கள். போனது எங்களுக்குத் தெரியும். ஒரு வேளை ரசம் வைத்துக் கொடுங்கள், பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப் போங்கள். பஸ்ஸில் "எந்தக் கோயில் வேண்டுதல்?" என்று கேட்பவர்களுக்கு, "சமயபுரம்" என்று சொல்லி விடுவேன். அது பொய்யும் இல்லையே!

கடைசி தவணை முடிந்து ஒரு மாதத்துக்குள் பூனை முடி மாதிரி துளிர்த்தது. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் என்று வளர்ந்தது. எனக்கு நேர் முடி, இப்போது சுருட்டையாக வந்திருக்கிறது. பலருக்கு இப்படி ஆகுமாம், போகப் போகப் பழையபடி மாறலாமாம். ஊசி முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. காதை மூடும் அளவு முடி இருக்கிறது. வைக்கிற பூ நிற்பதற்கு இரண்டு ஹேர்பின் குத்த வேண்டியிருக்கிறது, அவ்வளவுதாங்க.

இதைப் படிக்கும் யாராவது முடிக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப் போட்டிருந்தால், தயவுசெய்து நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அடுத்த தேதியைக் கேளுங்கள். வீட்டில் யாராவது தடுத்தால், இந்தப் பக்கத்தை அவர்கள் கையில் கொடுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்.