ஹட்டன் பொஸ்கோவும் தோட்டத்துப் பிள்ளைகளும்

மலைநாட்டுப் புகைவண்டிப் பாதை 1884 ஆம் ஆண்டில் ஹட்டனை எட்டியது. அதற்கு முன்னரே கோப்பி நோயுற்று அழிந்து, அந்த மலைகளைத் தேயிலை மூடத் தொடங்கிவிட்டது. திருச்சி, சேலம், மதுரைப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்த மக்கள் லயங்களிலே குடியமர்ந்தனர். டிக்கோயா, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்று நாலா புறமும் தோட்டங்கள் சூழ, ஹட்டன் நடுவே கடைத்தெருவாய் வளர்ந்தது. அக்கடைத்தெருவே பின்னர் கல்வித் தெருவாகவும் ஆயிற்று. மெதடிஸ்த மிஷனார் 1892 இல் தொடங்கிய பாடசாலை இன்று ஹைலன்ட்ஸ் கல்லூரி. கத்தோலிக்கர் வழிவந்த ஆண்கள் பாடசாலையோ புனித ஜோன் பொஸ்கோ கல்லூரி. ஊரார் அதனைச் சுருக்கமாகப் 'பொஸ்கோ' என்பர்.

இத்தகைய நகரப் பாடசாலை ஒன்று தோட்டத்துப் பிள்ளைக்கு எத்தனை தொலைவில் இருந்தது என்பதை அறியவேண்டுமாயின், முதலில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்குத் தோட்டத்துரை வசதி செய்யவேண்டும் என்று 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கூறிற்று. ஆறு வயது முதல் பத்து வயது வரை, தாய்மொழியிலே படித்தால் போதுமென்பது அச்சட்டத்தின் எண்ணம். பத்து வயதுக்குப் பின் பிள்ளையின் கைகள் கொழுந்துக்கும் புல்வெட்டுக்கும் தேவைப்பட்டன! ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். பெரும்பாலான தோட்டங்களில் நெடுங்காலம் இவ்வளவே பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மறுநாட் காலையிற் பையன் பெரட்டுக்களத்தில் நின்றான்.

அந்நாளில் நகரத்து ஆங்கிலப் பாடசாலைக்குச் சென்றவர்கள் யார்? பெரும்பாலும் கங்காணியின் மகன், கணக்கப்பிள்ளையின் மகன், நகர வணிகரின் மகன். 1945 இல் இலவசக் கல்வித் திட்டம் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தேயே நின்றன. இலங்கைக் கல்வி வரலாற்றைப் பெருமையோடு எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

பொஸ்கோ என்ற பெயரையும் சற்று நோக்குவோம். ஜோன் பொஸ்கோ 1815 இல் வட இத்தாலியில் ஒரு குடியானவர் வீட்டிற் பிறந்தவர். இரண்டு வயதிலே தந்தையை இழந்தவர். படிப்புக்காக நெடுந்தூரம் நடந்தவர். 1841 இல் குருவானபின் தூரின் நகரிலே, வேலை தேடி வந்து தெருவிலும் சிறையிலும் கிடந்த ஏழைச் சிறுவர்களைக் கூட்டிச் சேர்த்தார். இரவுப் பள்ளி நடத்தினார். தொழில் பழகும் சிறுவனை எஜமானர் அடிக்கலாகாது என்று எழுத்திலே ஒப்பந்தம் செய்வித்தார். பிரம்பைவிட அன்பும் நியாயமுமே பிள்ளையைத் திருத்தும் என்பது அவர் கொள்கை. 1934 இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. தோட்டங்கள் சூழ்ந்த ஊரின் பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடிக் கண்டுபிடித்தல் அரிது.

1960, 1961 ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பல ஊர்களிலே பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவலிருந்தனர். பெரிய பாடசாலைகள் சில, கட்டணம் வாங்காத தனியார் பாடசாலைகளாய்த் தனித்து நின்றன. மற்றவை அரசாங்கப் பாடசாலைகளாயின. பொஸ்கோவும் இன்று அரசாங்கப் பாடசாலையே. பெயரும் மரபும் மட்டும் பழையன.

ஆயினும் மலைநாட்டு மாணவனை அதனினும் ஆழமாகத் தாக்கிய செய்தி வேறு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவன் குடும்பம் நாடற்றதாயிற்று. எத்தனை நன்றாய்ப் படித்தாலும் பிரசாவுரிமை இன்றி அரசாங்க உத்தியோகம் இல்லை. 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த இருவரில் ஒருவன் தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட, மற்றவன் புத்தகத்தோடு தங்கினான். இந்த எண்களைப் பேசித் தீர்த்தவர்கள் வகுப்பறை இடாப்பைப் பார்த்திருப்பார்களா என்பது நமது ஐயம். எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின்னரே தீர்ந்தது.

மாணவ வாழ்வின் இன்பமான பக்கமும் உண்டு. அதற்குக் கண்டி வரை இறங்கிச் செல்லலாம். அங்கே 1854 இல் தோன்றிய புனித அந்தோனியார் கல்லூரி, பெனடிக்ட் சபைத் துறவியரால் வளர்க்கப்பட்டு, இப்போது கட்டுகஸ்தோட்டையில் நிலைபெற்றுள்ளது. நாமக்கல் பக்கத்திலிருந்து 1920 இல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரன், ஒன்பது வயதிலே அதன் விடுதியிற் சேர்ந்தான். வேகமாய்ப் பந்து வீசிக்கொண்டிருந்த அப்பையனைப் பதினான்கு வயதளவில், "சுழற்பந்து வீசிப் பார்" என்று திருப்பிவிட்டவர் கல்லூரிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. அந்தப் பையன்தான் முத்தையா முரளிதரன். 2010 இல் காலி மைதானத்திலே டெஸ்ட் போட்டிகளில் தமது 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தியவர். பள்ளிக்கூடத்தில் ஒருவர் சொல்லும் ஒரு சொல் எவ்வளவு தூரம் ஓடுகிறது, பாருங்கள்!

ஹட்டன் மாணவனின் நாள் இத்தனை புகழுடையதன்று. குளிரிலே இருள் பிரியுமுன் எழுந்து, குறுக்குப் பாதையில் இறங்கி, ஈரக் காலணியோடு பஸ் ஏறுகிறான். ஆனி, ஆடி மழையில் புத்தகப் பையை நனையாமற் காப்பதே தனி வித்தை. பெயர் கத்தோலிக்கப் புனிதருடையதாயினும், வகுப்பிலே திருநீற்று நெற்றியும் செபமாலையும் அருகருகே இருக்கின்றன. சமய பாட வேளையில் ஒருவன் சைவநெறிக்கும் மற்றவன் கத்தோலிக்க பாடத்துக்கும் பிரிந்து போய், மணி அடித்ததும் மறுபடி ஒன்றாய்ப் பந்தடிக்கின்றனர்.

தோட்டப் பாடசாலைகளும் 1970-களிலிருந்து படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோட்டத்துப் பிள்ளைகளையே ஆசிரியராக்கி அனுப்புகிறது. முன்னாளில் படிப்புக்கு எல்லையாயிருந்த அந்த ஐந்தாம் வகுப்பிலேதான் இப்போது புலமைப்பரிசில் பரீட்சை நடைபெறுகிறது. அதிலே நல்ல புள்ளி எடுத்த பையனை அருகிலுள்ள தோட்டப் பாடசாலையிலேயே விடுவதா, ஹட்டனுக்கு அனுப்புவதா என்று பெறுபேறு வந்த அன்றிரவு லயத்திலே ஆலோசனை நடக்கிறது. பஸ் கட்டணம், காலணி, மாலை வகுப்புப் பணம் எல்லாவற்றையும் தாய் விரல்விட்டு எண்ணுகிறாள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசை என்று பையன் சொன்னால், கணக்கை மறுபடியும் தொடக்கத்திலிருந்து போடுகிறாள்.