முகத்துக்கு மாவு, கையில் ரசீது

பங்காருபேட்டை சந்திப்பில் காலை நேரத்து பெங்களூர் வண்டிக்குக் காத்திருப்பவர்களில் இளைஞர்கள் நிறைய. 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் பிழைப்பு பெங்களூரில்தான். கடை, ஓட்டல், வரவேற்பு மேசை, டெலிவரி என்று நாலு பேர் முகம் பார்க்கிற வேலைகள் இதில் பல. ஆகவே ஆண்கள் முகத்தைக் கவனிப்பதை இன்னும் கேலி பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. முகத்தில் எதைப் பூசுகிறார்கள், பூசியது கெடுதல் செய்தால் யாரைக் கேட்பது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

இந்தப் பக்கத்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண், தங்கவயலில் மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. ஊரார் சயனைட் மேடு என்று சொல்லும் அந்தக் குன்றுகளிலிருந்து காற்றுக் காலத்தில் தூள் பறக்கும். குளிக்கக் கிடைப்பதோ பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றின் கடினத் தண்ணீர். அதில் சோப்பு சரியாக நுரைக்காது, தோலில் பிசுக்காகத் தங்கி அரிப்பையும் வறட்சியையும் தரும். இதையெல்லாம் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். தூசி படிந்த முகத்தை முதலில் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் அந்தத் தூசியே உப்புத்தாள் ஆகிவிடும்.

தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் தானாகவே உதிர்கின்றன. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். நாம் மாவு போடுவது அந்த உதிர்தலுக்குக் கொஞ்சம் கைகொடுக்கத்தான். ஆண்கள் மறந்துவிடும் ஒன்று, சவரக் கத்தியும் அதே வேலையைச் செய்கிறது. முடியோடு மேல் செல்களையும் அது வழித்து எடுத்துவிடுகிறது. தினமும் சவரம் செய்கிறவர் தினமும் ஸ்க்ரப்பும் போட்டால் தோல் எரியாமல் என்ன செய்யும்? சுருள் தாடி உள்ளவர்களுக்கு முடி உள்நோக்கி வளர்ந்து வரும் சவரக் கட்டிகளுக்கு மென்மையான தேய்ப்பு உதவும், உண்மைதான். ஆனால் அது சவரத்துக்கு ஓரிரு நாள் இடைவெளி விட்டு, வாரத்தில் ஒன்றிரண்டு முறை.

அதற்குப் பயத்தம்பருப்பு மாவே போதும். மெல்லிய துணியில் சலித்து, தண்ணீரில் கூழாகக் குழைத்து, விரல் நுனியால் அரை நிமிடம் தடவிக் கழுவிவிட வேண்டும். காய்ந்து வெடிக்கும் வரை வைத்திருக்கக் கூடாது. நன்றாகப் பொடித்த ஓட்ஸும் அப்படியே. கழுவிய கையோடு ஈரப்பதம் காக்கும் கிரீம், வெளியே போகும்போது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். எந்த மாவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் போட்டுக் கழுவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

செடியில் விளைந்ததெல்லாம் சாதுவானது என்ற நம்பிக்கைதான் இங்கே பெரிய ஆபத்து. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கும். அந்தச் சாற்றில் உள்ள ஒரு வகை ரசாயனம் சூரிய ஒளி பட்டதும் தோலைச் சுடுகிறது. சர்க்கரையும் காபித் தூளும் அக்ரூட் ஓட்டுத் தூளும் முனை கூர்மையானவை, முகத்துக்கு ஆகாது. பச்சைப் பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் என்ற நொதி இறந்த செல்லைக் கரைக்கும். சிலருக்குக் கடும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது.

நலங்கு மாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் (கன்னடத்தில் கிரந்திகெ அங்கடி) கட்டித் தரும் சரக்கில் பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் இவற்றோடு பல இடங்களில் கார்போகரிசியும் சேரும். கார்போகரிசியில் இருப்பது சோராலென். வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் இந்த வகை மருந்தைக் கொடுத்து, அளந்த நேரம் மட்டும் ஒளியில் காட்டுவார்கள். ஒளி சற்றுக் கூடினாலும் கொப்புளம் வரும் என்பதால்தான் அந்த அளவு. அப்படிப்பட்ட விதையைக் காலையில் முகத்தில் தேய்த்துவிட்டு நடைமேடை வெயிலிலோ பைக்கிலோ போகிறோம். எண்ணெய்க் குளியல் அன்று வீட்டுக்குள் இருந்த பாட்டிக்கு அது ஒத்துப்போயிருக்கலாம், டெலிவரிப் பையனுக்கு ஒத்துப்போகாது. சரக்குக் கட்டும்போதே கார்போகரிசி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மஞ்சளையும் உதிரித் தூளாக வாங்காதீர்கள். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கும் கலப்படம் தெரிந்த கதை.

நம் கருந்தோலில் சின்ன எரிச்சல்கூடக் கரும்புள்ளியாகிப் பல மாதம் நிற்கும். அந்தப் புள்ளியைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். அதுவும் முடியாதபோது மருந்துக் கடைக்குப் போய், நண்பன் சொன்ன டியூபின் பெயரைச் சொல்லுவார்கள். பெரிய சேதம் நடப்பது இந்த இடத்தில்தான். அப்படிக் கிடைக்கும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். நாளாக ஆகத் தோல் மெலிந்து, வெயில் பட்டால் சிவந்து, பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு ‘ஸ்டீராய்டால் பாழான முகம்’ என்ற பொருளில் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். தோலில் பூசும் பல ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. சீட்டில்லாமல் நீட்டுகிற கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, சட்டத்தை மீறுகிறார்.

சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் கலப்பது இன்னொரு பக்கம். கேரளத்தின் கோட்டக்கல்லில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். 2023-ல் அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று சோதனையில் இறங்கியது. முகவரி இல்லாத டப்பாவில் மூலிகைப் படம் இருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை.

கடையில் விற்கும் ஃபேஸ்வாஷ்களில் கரும்பு, வில்லோ மரப்பட்டை என்று செடிப் பெயரைச் சொல்லி வருபவை பெரும்பாலும் கிளைகாலிக், சாலிசிலிக் அமிலங்கள். குறைந்த அளவில், இரவில், வாரம் இரண்டு முறை என்றால் பலருக்கும் ஒத்துப்போகும். கிளைகாலிக் போன்ற அமிலங்களைப் பூசும் நாட்களிலும் அதன்பின் ஒரு வாரமும் வெயிலிலிருந்து காத்துக்கொள்ளச் சொல்லி லேபிளில் எச்சரிக்கை போடும்படி அமெரிக்க அரசே நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறது.

இனிச் சட்டம். விற்பனைக்காக அழகுப் பொருள் தயாரிக்க உரிமம் வேண்டும் என்கிறது மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டம், 1940. ஆயுர்வேதப் பொருளுக்கும் உரிமம் உண்டு. வாட்ஸ்அப்பில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று வரும் மாவுக்கு விலக்கு எதுவும் கிடையாது. 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, சேர்மானப் பட்டியல் இவை லேபிளில் இருக்க வேண்டும். பட்டியலில் அதிகம் சேர்ந்தது முதலில் வரும். பெரிய எழுத்தில் வேம்பு என்று போட்டுவிட்டு, பட்டியலின் கடைசியில் வேம்பு இருந்தால் எவ்வளவு வேம்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதே 1940 சட்டத்தின் 26-ஆம் பிரிவு பலருக்கும் தெரியாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மருந்தையோ அழகுப் பொருளையோ, உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கும் உரிமை அது தருகிறது. அழகுப் பொருள் போலியென்றோ கலப்படமென்றோ நிரூபணமானால் 3 ஆண்டு வரை சிறை.

வழக்குப் போட்டால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு டெல்லியில் நடந்ததைச் சொல்லலாம். 2013-ல் ஒருவர் 79 ரூபாய்க்கு எமாமி நிறுவனத்தின் ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ என்ற ஆண்கள் சிவப்பழகு கிரீமை வாங்கினார். சொன்னபடி பூசியும் சிவக்கவில்லை என்று நுகர்வோர் மன்றம் போனார். உணவு, உடற்பயிற்சி, சுகாதாரம் எல்லாம் சேர்ந்தால்தான் பலன் என்று நிறுவனம் வாதாடியது. அதெல்லாம் பெட்டியில் எழுதியிருக்கவில்லையே என்றது மன்றம். மேல்முறையீடு, மறுவிசாரணை எல்லாம் கடந்து 2024 டிசம்பரில் நிறுவனத்துக்கு விழுந்தது 14.5 லட்சம் ரூபாய். பதினொரு வருஷம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 79 ரூபாய்ப் பொருளுக்காக ஒரு பெரிய நிறுவனம் பதில் சொல்ல வேண்டி வந்தது.

முகம் எரிந்தால் உடனே நிறுத்தி, பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். டப்பாவை வீசாதீர்கள், முகத்தையும் லேபிளையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கொப்புளமோ வீக்கமோ வந்தால் கோலார் எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனைக்கோ, டமகா தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரிக்கோ போய்த் தோல் மருத்துவரைக் கேளுங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டீராய்டு கிரீம் பூசிய பக்கவிளைவு என்றால் 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் பதியலாம். சலூனில் பெயரில்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசி முகம் கெட்டால் அதுவும் சேவைக் குறைபாடுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டமான கோலாரிலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ரசீது வேண்டும். பத்து ரூபாய் சாஷேவுக்கு யார் ரசீது கேட்பார்கள் என்று கூச்சப்படாமல், நூறு ரூபாய் டியூபுக்காவது கேளுங்கள். ரசீது தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. அதற்காக மட்டுமே நீங்கள் புகார் செய்யலாம்.