கொப்பியின் கடைசிப் பக்கம்

சென்ற தவணைப் பரீட்சைக்கு முன் சுற்றாடல் மாசு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை முழுவதுமாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். வினாத்தாளிலோ, பிளாஸ்டிக் பாவனையைக் குறைக்க மாணவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்கள். இதுவும் சுற்றாடல்தானே என்று பாடமாக்கியதை அப்படியே எழுதிவிட்டேன். விடைத்தாளில் டீச்சர் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்: "கேள்விக்கு விடை எங்கே?"

எனக்கு அழுகை வந்தது. என்னிடம் ஆங்கிலச் சொற்கள் போதாது, அதுதான் குறை என்று அதுவரை நினைத்திருந்தேன். டீச்சர் அதே கேள்வியை மீண்டும் தந்து, எழுதும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். சற்று நேரத்திலேயே என் குறை எனக்கு விளங்கியது. கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. தமிழில் வந்த வசனங்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

எழுதுபவரை இப்படி வாய்விட்டுச் சொல்ல வைப்பது ஆய்வாளர்களும் கையாண்ட முறையாகும். லிண்டா பிளவர், ஜோன் ஹேய்ஸ் ஆகிய இருவரும் 1981இல் வெளியிட்ட கட்டுரையில், திட்டமிடல், மொழியில் வடித்தல், மீள்பார்வை ஆகியன மாறி மாறி நிகழ்வதே எழுத்து என விளக்கினார்கள். நம் சிந்தனையை நாமே கவனிப்பதை உளவியலில் மீஅறிகை என்பர். 1970களில் ஜோன் பிளாவல் என்னும் உளவியலாளர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கவனித்ததைக் கொண்டு நம்மை நாமே திருத்தி நடத்துவது சுய ஒழுங்காக்கல்.

இரண்டாம் மொழியில் எழுதுவோருக்கு இவை ஏன் கூடுதலாகத் தேவை? தாய்மொழியில் இலக்கணம் தானாக வருகிறது. ஆங்கிலத்திலோ எழுத்துக்கூட்டல், காலம், கருத்து எல்லாவற்றையும் மனம் ஒன்றாகச் சுமக்க வேண்டும். "நேற்று நனைந்தபடி வந்தேன்" என்றால், வந்தது யார் என்பதை வினைமுற்றே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் எழுதினால் யார் வந்தது என்று தெரியாது. 'ஐ' கட்டாயம் வேண்டும். கவனிக்காவிட்டால் தமிழின் பழக்கம் நம் கையை இழுத்துச் செல்லும்.

இப்போது எழுதுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குகிறேன். கேள்வியின் முக்கியச் சொற்களுக்குக் கீழே கோடிட்டு, மூன்று கருத்துகளைக் குறிக்கிறேன். கருத்து தமிழில் வந்தாலும் பரவாயில்லை. வசனத்தை நேரே ஆங்கிலத்தில், சிறிதாக அமைக்கிறேன். ஒவ்வொரு பந்தி முடிவிலும் கேள்வியை மீண்டும் வாசிக்கிறேன்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் வழமையாக விடும் பிழைகளின் பட்டியல் உண்டு: எழுவாயை விட்டுவிடுதல், 'ஷீ' வரும்போது நிகழ்கால வினையில் 'எஸ்' சேர்க்காமை, கடந்த காலத்தில் தொடங்கி நிகழ்காலத்துக்குத் தாவுதல். எழுதி முடித்ததும் ஒரு பிழைக்கு ஒரு தடவையாக மூன்று தடவை வாசிக்கிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேடினால் எதுவும் கண்ணில் படுவதில்லை.

இதனால் வாசிப்பும் சொல்வளமும் வேண்டாம் என்றாகாது. இல்லாத சொல்லை யோசனை கொண்டு வராது. ஆனால், தெரிந்த சொல்லை உரிய இடத்தில் வைக்க யோசனை வேண்டும்.

வாப்பா முன்பெல்லாம் "எத்தன புள்ளி மகள்?" என்றுதான் கேட்பார். கடைசிப் பக்கத்தைக் காட்டிய பிறகு, "இந்த முறை எந்தப் பிழ கொறஞ்சிருக்கு?" என்று கேட்கிறார். முதல் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும். இரண்டாவதற்கு விடை சொல்ல, நான் கட்டுரையைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பெற்றோர்களும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

சென்ற வாரக் கட்டுரையில் டீச்சர் நான்கு பிழைகளைச் சுட்டினார். அதற்கு முன்பே ஆறு பிழைகளை நானே கண்டு திருத்தியிருந்தேன். சகோதரிகளே, உங்கள் கொப்பியிலும் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி வையுங்கள்.