கடலுக்குப் போக ஆசையா? முதலில் கண்ணைச் சோதித்துப் பாருங்கள்

போர்ட்டிக்சன் கடற்கரையில் இரவில் சற்று நேரம் நின்றால், தூரத்தில் சிறு விளக்குகள் நகர்வது தெரியும். மலாக்கா நீரிணையில் ஆண்டுக்கு 80,000க்கும் அதிகமான கப்பல்கள் போய்வருகின்றன. நமக்கு அவை வெறும் விளக்குகள்தான். கப்பலில் காவல் நிற்கும் அதிகாரி அவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். சிவப்பு தெரிந்தால் அது எதிர்க் கப்பலின் இடப்பக்கம், பச்சை தெரிந்தால் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அந்தக் கப்பல் நேராக நம்மை நோக்கி வருகிறது. இயந்திரக் கப்பல்கள் இரண்டு குறுக்கிடும்போது, மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காணும் கப்பலே வழிவிட வேண்டும். அப்போது அதன் கண்ணில் படுவது சிவப்பு விளக்கு.

அதனால்தான் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர் கப்பலைச் செலுத்தும் அதிகாரியாக முடியாது. கண்ணாடி போட்டுச் சரிசெய்யக்கூடிய குறையல்ல இது. ஆண் பிள்ளைகளிடம் இது அரிதும் அல்ல. இப்படியொரு குறை இருப்பதே தெரியாமல் எஸ்.பி.எம். வரை படித்து முடித்தவர்கள் உண்டு. எனவே பிள்ளை கப்பல் வேலை என்று பேச ஆரம்பித்ததும், கட்டணம், சம்பளம் பற்றி விசாரிக்கும் முன் நிறப்பார்வைச் சோதனையை முடித்துவிடுங்கள். விண்ணப்பம், நேர்காணல், முன்பணம் எல்லாம் ஆன பிறகு இது தெரியவந்தால் ஏமாற்றம் பெரிது.

மலேசியாவில் இப்படிப்புக்குப் பெயர்பெற்ற இடம், மலாக்கா கோலா சுங்கை பாருவிலுள்ள 'அலாம்' எனப்படும் கடல்சார் கழகம். சிங்கப்பூரில் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியின் கீழ் கடல்துறைக் கழகம் இருக்கிறது. பெண் பிள்ளைகளும் சேரலாம். எங்கே படித்தாலும் அடிப்படை ஒன்றுதான்: 1978இல் உருவாகி, 1995லும் 2010லும் பெரிதாகத் திருத்தப்பட்ட அனைத்துலக மாலுமிப் பயிற்சி உடன்படிக்கை.

பாடங்கள் தண்ணீரிலும் நெருப்பிலும் தொடங்குகின்றன. உயிர்காப்புச் சட்டையுடன் உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். கவிழ்ந்த மிதவைப் படகைத் தண்ணீரில் நின்றபடி நிமிர்த்த வேண்டும். புகை மண்டிய அறைக்குள் தடவித் தடவிப் போய்த் தீயை அணைக்க வேண்டும். கயிறு வேலையும் உண்டு. 'முடிச்சுப் போடுவது சாரணர் படிப்பாயிற்றே' என்று இளைஞர்கள் நினைப்பார்கள். கரையில் கப்பலைக் கட்டியிருக்கும் கயிறு இழுவை தாங்காமல் அறுந்தால், சாட்டைபோலச் சுழன்று திரும்பும். அதன் பாதையில் நின்று காலை இழந்தவர்களும் உண்டு, உயிரை இழந்தவர்களும் உண்டு. எங்கே நிற்கக்கூடாது என்பதுதான் அந்தப் பாடத்தில் பாதி.

வழிசெலுத்தலில் மின்னணு வரைபடம், ரேடார் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் சூரியனையும் நட்சத்திரங்களையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து இடம் கணிப்பது இன்றும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. இதைக் கற்பிப்பதை நிறுத்தியிருந்த அமெரிக்கக் கடற்படைக் கழகமே 2015இல் மீண்டும் தொடங்கியது. ஜிபிஎஸ் சமிக்ஞையைத் தடுக்கவும் முடியும், பொய்யான சமிக்ஞையை அனுப்பிக் கப்பலை ஏமாற்றவும் முடியும்.

கருவியை நம்பி, கருவியை அறியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் வாசலிலேயே பார்த்தோம். 2017 ஆகஸ்ட் 21 அதிகாலை, சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு நுழைவாயில் அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலும் 'அல்னிக் எம்சி' என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. கடற்படையினர் 10 பேர் இறந்தனர். போர்க்கப்பலின் சுக்கான் பழுதாகவில்லை. தொடுதிரையில் கட்டுப்பாடு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாறிப்போனது. அதைக் கவனிக்காதவர்கள், சுக்கானே செயலிழந்துவிட்டதாக நினைத்துத் தடுமாறினார்கள். போதிய பயிற்சி இல்லாததையும் ஒரு காரணமாக விசாரணை சுட்டிக்காட்டியது. வேறு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்திருந்த சிலரும் அன்று காவலில் இருந்தார்கள். அவர்கள் பழகிய கருவி வேறு.

இதனால்தான் வகுப்பறைப் படிப்பு மட்டும் யாரையும் அதிகாரி ஆக்குவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் இருப்பவர் குறைந்தது 12 மாதம் கப்பலில் பணியாற்ற வேண்டும். அதில் குறைந்தது 6 மாதம், மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் காவல் பணி. செய்த வேலை ஒவ்வொன்றும் பயிற்சிப் பதிவேட்டில் கையொப்பம் பெற வேண்டும். அத்தகைய திட்டத்தில் சேராதவருக்கோ 36 மாதக் கடல் பணி தேவை. அதன்பிறகும் தேர்வு இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் அதிகாரி விளக்குகளைக் காட்டி, 'இது என்ன கப்பல், நீ என்ன செய்வாய்?' என்று கேட்பார். யோசித்துச் சொல்ல அதிக நேரம் கிடைக்காது. பதில் ஆங்கிலத்தில் வர வேண்டும். கணிதமும் இயற்பியலும் மட்டுமல்ல, தெளிவாக ஆங்கிலம் பேசும் பழக்கமும் இத்தொழிலுக்கு மூலதனம்தான்.

பெற்றோர் பலர் தடுக்கி விழுவது அந்த 12 மாதத்தில்தான். பாடத்தை முடித்துவிட்டு, ஏறக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கு டிப்ளோமா இருந்தும் அதிகாரி உரிமம் கிடைக்காது. கல்லூரி கடற்பயிற்சி இடத்தைத் தருகிறதா, அல்லது 'ஏற்பாடு செய்ய உதவுவோம்' என்று மட்டும் சொல்கிறதா? இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். கப்பல் நிறுவனத்தின் ஆதரவோடு சேர்வதே நல்லது. அது அமையாவிட்டால், சென்ற பிரிவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள்.