வேனிற் காலத்து ஒரு வாரமும் மரக்காணத்து உப்பளமும்

மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்பது பழமொழி. உப்பு விற்பவனுக்காவது மூட்டையை மூடிக்கொள்ள ஒரு கூரை கிடைக்கும். உப்பு விளைவிப்பவனுடைய முதலோ வானத்தின் கீழே திறந்து கிடக்கிறது. நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் அமிர்தமாகிற கோடை மழை உப்புப் பாத்திக்கு நஞ்சாகிறது. ஆகையால் வேனிற் காலத்து வானத்தின் மாறுதல்களை அறிந்திருப்பது உப்பளத்து அங்கத்தினர்களுக்கு இன்றியமையாதது.

முன்பு தென்னார்க்காடு ஜில்லாவிலும் 1993 முதல் விழுப்புரம் ஜில்லாவிலும் சேர்ந்துள்ள மரக்காணம், புதுச்சேரிக்கு வடக்கே வங்கக் கடலோரத்தில் இருக்கிறது. கழுவெளி ஏரி கடலோடு கலக்கும் உப்பங்கழியை அடுத்து இவ்வூரின் உப்பளங்கள் பரந்துள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் பாத்திகள் செப்பனிடப்படும். வெயில் ஏறியதும் உப்பு வாருதல் தொடங்கி, அடுத்த வடகிழக்குப் பருவமழை நெருங்கும்வரை நடைபெறும். வருஷத்தின் வரும்படி முழுவதும் இந்தச் சில மாதங்களுக்குள் அடங்கியது.

உப்பு விளையும் விதம்

ஒரு லிட்டர் கடல்நீரில் பலவகை உப்புகள் சுமார் 35 கிராம் கரைந்துள்ளன. இந்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலாலும் காற்றாலும் சுண்டுகிறது. நீரின் கனத்தை அளக்கும் போமே மானியில் கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். 25 டிகிரி ஆகும்போது பத்தில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். அப்போதுதான் சோற்றுப்பு படியத் தொடங்கும். 29 டிகிரிக்கு மேல் கசப்பு உப்புகளும் சேர்ந்து படிவதால், எஞ்சிய கசப்பு நீரை அகற்றிவிட வேண்டும்.

காற்றின் குணம்

சித்திரை, வைகாசி மாதங்களில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால், நண்பகலுக்குச் சற்று முன்போ பின்போ கடற்காற்று கரையேறுகிறது. மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று வலுத்த நாட்களில் கடற்காற்று பிந்தும், சில நாள் வராமலே போகும். அந்நாட்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. உடலுக்குத் துன்பமானாலும் இந்த உலர்ந்த மேல்காற்று பாத்திநீரை விரைவாகச் சுண்டச் செய்யும். கடற்காற்றோ ஈரம் மிகுந்தது. ஆயினும் ஓயாது வீசுவதால் அதனாலும் பயன் உண்டு. காற்றே இல்லாத புழுக்கம்தான் விளைவை மிகவும் தாமதப்படுத்தும்.

ஒரு வாரத்தின் போக்கு

கத்திரி வெயில் காலத்தில் ஒரு வாரம் பெரும்பாலும் இவ்வாறு செல்லும். முதல் இரண்டு நாள் மேல்காற்று வீசிப் பாத்தியில் உப்பு நன்றாகப் பூக்கும். மூன்றாம் நாள் கடற்காற்று முன்னதாகவே புகுந்து வியர்வை பெருகும். நான்காம் நாள் பிற்பகலில் மேற்குத் திசையில் கோபுரம்போல் மேகம் எழும்பும். ஈரமான கடற்காற்றும் உலர்ந்த நிலக்காற்றும் உள்நாட்டில் சந்திக்குமிடத்தில் காற்று மேலெழுந்து இடிமேகமாகிறது. அது கிழக்கே நகர்ந்து மாலையிலோ இரவிலோ கரையை அடையலாம். ஓர் ஊரில் கொட்டி, அடுத்த ஊரில் தூறாமலும் போகலாம். அதன்பின் மீண்டும் வெயில் வரும்.

கடலில் தோன்றும் தாழ்வு மண்டலத்தின் மழை இதனின்று வேறானது. 2016 மே மாதத்தில், பிறகு 'ரோவானு' புயலாக வலுத்த தாழ்வு மண்டலம் தமிழ்நாட்டுக் கரையைக் கடக்காமல் வடக்கே சென்றது. ஆயினும் வட கடலோரத்தில் மழை பெய்தது. புயல் நம் கரைக்கு வராது என்ற செய்தியால் மட்டும் உப்பளத்தார் கவலையற்று இருத்தல் கூடாது.

மழை செய்யும் தீங்கு

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 40,000 லிட்டர். அது முழுவதும் உப்போடு கலந்தால் ஏறக்குறைய 14 டன் உப்பைக் கரைக்கவல்லது. கரையாவிடினும், கலந்த நீர் மறுபடி சுண்டும்வரை விளைவு நின்றுவிடும். அந்நாட்களில் வாரும் வேலையில்லை, வேலையில்லாதபோது கூலியுமில்லை. தவணை தவறுவதும், வியாபாரியிடம் முன்பணம் வாங்கி அவர் சொன்ன விலைக்கே உப்பை ஒப்புக்கொள்வதும் இவ்வாறே தொடங்குகின்றன.

செய்யத்தக்கவை

1. மழைநீர் கனம் குறைந்தது. கனத்த உப்புநீரின்மேல் மிதக்கும். மழை ஓய்ந்தவுடன் பாத்தியைக் கலக்காமல், காற்று எழுவதற்குமுன், வடிகாலின் மேற்பலகையை மட்டும் எடுத்து மேல்நீரை வடித்துவிட்டால், அடிநீர் பெரும்பாலும் தப்பும்.

2. மழைக்குறி தென்பட்டால், வாரத்தக்க உப்பை அன்றே வாரிவிடுதல் நலம். வாரமுடியாத பாத்தியில் நன்கு சுண்டிய உப்புநீரை ஆழமாக நிறுத்தினால் அதுவே உப்புக்குப் போர்வையாகும்.

3. குவியலை மேடான தரையில், இருபுறமும் சரிவாகக் கூரைபோல் அமைத்து, கீற்றோ தார்ப்பாயோ மூடி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டவேண்டும். 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரையேறிய 'ஃபெஞ்சல்' புயலைப் போன்ற பெருமழைக்குக் கீற்று மட்டும் போதாது. பருவமழைக்கு முன்பே உப்பைக் கிடங்கில் சேர்த்துவிட வேண்டும்.

4. இடி கேட்டவுடன் அனைவரும் பாத்தியை விட்டு ஓட்டுக் கட்டடத்துக்குள்ளோ ஊருக்குள்ளோ சென்றுவிடவேண்டும். மரமற்ற சமவெளியில் மனிதனே உயர்ந்த பொருளாகிறான். உப்பு மறுவாரம் விளையும். போன உயிர் திரும்பாது.

சங்கத்தின் கடமை

சென்னை வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் ஜில்லாவாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைக் கைப்பேசியில் பார்த்து, சங்கத்துக் கரும்பலகையில் காலையும் பிற்பகலும் எழுதும் பொறுப்பை ஓர் அங்கத்தினரிடம் ஒப்படைக்கலாம். மழைமானி ஒன்றையும் போமே மானியையும் சங்கம் வாங்கி வைத்தால், எந்த நாளில் எவ்வளவு மழை பெய்தது, விளைவு எத்தனை நாள் நின்றது என்பதற்குக் கணக்கு இருக்கும். தவணை நீட்டிப்புக் கேட்கும்போது வாய்மொழியைக் காட்டிலும் அக்கணக்குப் புத்தகம் வலிமையுடையது. தார்ப்பாய்களைத் தனித்தனியே வாங்குவதைவிடச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கி வாடகைக்கு விடுவது சிக்கனமாகும்.

உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கியது. அது வடகிழக்குப் பருவமழை மாதங்களை உத்தேசித்தது. கோடையின் நடுவே வரும் நான்கு நாள் நஷ்டத்தை அங்கத்தினரே ஒருவருக்கொருவர் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நல்ல விளைவுள்ள வாரங்களில் மூட்டைக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கி நிதி சேர்த்துவைத்தால், மழை வாரத்தில் கூலியாளின் அடுப்பு எரியும். அளக்காரரும் அவசரக் கடனுக்கு அலையமாட்டார். மேகத்தைத் தடுக்க எவராலும் ஆகாது. அதன் நஷ்டம் ஒரே வீட்டின் தலையில் விழாதபடி பகிர்ந்துகொள்வது ஒன்றுபட்டவர்களுக்கு ஆகும்.