ஜெனிபர் என்னும் பெயர்

நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஜெனிபர் என்ற பெயரைப் பலகாலும் கேட்கிறோம். முன்பதிவுப் படிவங்களிலும் கண்டிருக்கிறோம். விவிலியப் பெயரென்று கருதுவோர் உண்டு. விவிலியத்தில் அப்பெயர் இல்லை. அதன் வேர் பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தது.

வேல்ஸ் மொழியில் அதன் மூலவடிவம் குவென்ஹுய்வார் என்பதாகும். ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் அரசியின் பெயர் அது. 'குவென்' என்றால் வெண்மை. தூய்மை என்றும் கொள்வர். பிற்பகுதிக்கு மென்மை என்பர் சிலர், ஆவியுரு என்பர் வேறு சிலர். கார்ன்வால் மக்களின் நாவில் அது ஜெனிபர் ஆயிற்று. 1906-ஆம் ஆண்டில் அரங்கேறிய பெர்னாட்ஷாவின் நாடகமொன்று அதைப் பலரறியச் செய்தது. அமெரிக்காவில் 1970 முதல் 1984 வரை பெண்மகவுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர் இதுவே.

நம் வெண்ணிலா, வெண்மதி என்னும் பெயர்களிலும் அதே வெண்மை விளங்குகிறது. ஆகவே ஜெனிபரைப் பொருளற்ற ஒலியென்று தள்ளுதல் முறையன்று. ஆயினும் ஊர்விட்டு ஊர் சென்றபோது அப்பெயரின் ஒலி மாறியது, பொருளும் மறந்துபோயிற்று.

விமான் நகரில் வளரும் நம் பிள்ளைகளின் பெயர்களுக்கும் அந்நிலை நேரலாம். மராத்தியில் ழகரம் இல்லை. யாழினி அங்கே யாளினி ஆகிறாள். ஒலி மாறினும் மாறுக. யாழ்போல் இனியவள் என்னும் பொருளை அவளுக்குச் சொல்லிவைப்பது பெற்றோர் கடனாகும்.