யாருக்கு என்பது மட்டும் இரகசியம்

வாக்களிக்கும் வயதாகிய பதினெட்டை எட்ட நமக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. ஆயினும் வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நாமும் வாக்காளர்களே. கையைத் தூக்கச் சொன்னால் என்ன நடக்கிறது? முன்வரிசையினர் திரும்பிப் பார்க்கின்றனர். பக்கத்தில் இருப்பவளின் முகம் வாடுமே என்று அஞ்சி, மனமில்லாத கையும் உயர்ந்துவிடுகிறது. எண்ணும்போது அதுவும் ஒரு வாக்குத்தான்!

இங்கிலாந்தில் 1872-ஆம் ஆண்டுவரை பெரியவர்களுக்கும் இதே நிலைமைதான். வாக்காளர் பலர் முன்னிலையில் தம் வேட்பாளரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலக்கிழார் பார்த்துக்கொண்டிருக்கையில் அவருடைய குத்தகைக்காரர் வேறு பெயரைச் சொல்லத் துணிவாரா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1856-லேயே மறைவான வாக்குச்சீட்டு வந்துவிட்டது.

நம் சோழர்கள் அதற்கும் முந்தியவர்கள் என்று பேச்சுப் போட்டிகளில் நாம் முழங்குவதுண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறை வாக்கெடுப்பு அன்று, குலுக்கல். ஆனாலும் அதில் நேர்மைக்கு எவ்வளவு கவனம்! ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவன் ஒன்றும் அறியாச் சிறுவன். வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

அப்படியானால் எதை மறைப்பது, எதை வெளிப்படையாக வைப்பது? இன்றைய வாக்குச்சாவடியில் வந்தவரின் பெயரை அலுவலர் உரக்கப் படிக்கிறார். முகவர்கள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்கின்றனர். விரலில் அழியா மை வைக்கப்படுகிறது. யார் வந்தார் என்பது ஊரறிய நடப்பதால் ஒருவரே இருமுறை வாக்களிப்பது கடினம். யாருக்கு அளித்தார் என்பது மட்டுமே தடுப்புக்கு அப்பால் நடக்கிறது. அதை வெளியிடும் அலுவலருக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

வகுப்பில் சீட்டு எழுதிப் போட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. நாற்பது பேரின் கையெழுத்தும் நமக்குத் தெரியுமே! வாக்குச்சீட்டில் எல்லோரும் ஒரே முத்திரையைக் குத்துவது இதனால்தான். வாக்காளரை அடையாளம் காட்டும் குறி இருந்தால் அச்சீட்டு செல்லாது. திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்மாரும், கூடுமானவரை தம்முடையது என்று அறியமுடியாத எழுத்தில் பெயரை எழுத வேண்டும் என்பது 1996-இல் வகுக்கப்பட்ட விதி.

யாருக்குமே வாக்களிக்க விரும்பாதவர் முன்பு அதை அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டியிருந்தது. இது இரகசியத்தைக் குலைக்கிறது என்று உச்சநீதிமன்றம் 2013-இல் கூறிய பிறகே, இயந்திரத்தில் 'நோட்டா' பொத்தான் வந்தது.

இன்னும் ஓர் ஓட்டை அடைபடவில்லை. சீட்டு முறையில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணிவிட முடிந்தது. இயந்திரத்திலோ சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியாகிறது. ஒட்டன்சத்திரத்தைச் சுற்றிலும் ஒரே சாவடி கொண்ட சிற்றூர்கள் உள்ளன. தனி ஒருவரின் வாக்கு தெரியாவிட்டாலும் அந்த ஊரின் வாக்கு தெரிந்துவிடும். நாளை அந்த ஊர் குடிநீர்க் குழாயோ சாலையோ கேட்கும்போது, வென்றவருக்கு அந்த எண்ணிக்கை நினைவுக்கு வராது என்று யார் உறுதி கூறுவது? பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' என்னும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் அதைப் பரிந்துரைத்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.